கடல் சூடாகிறது: கூண்டை வைத்துக்கொள்வதா, கரைக்கு ஏறுவதா?

பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம் மீன் வளர்க்கிற இரண்டு பேர் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் பேச்சு இப்போது இங்கேதான் வந்து நிற்கிறது. கடல் வருஷத்துக்கு வருஷம் சூடாகிறது, சுங்கை ஊடாங் கடலில் மிதக்கிற மீன் கூண்டை அப்படியே வைத்துக்கொள்வதா, கரைக்கு ஏறிக் குளம் வெட்டுவதா, இல்லை கடல் சகவாசமே வேண்டாம் என்று வீட்டுக்குப் பின்னால் தொட்டி போட்டு நன்னீர் மீன் விடுவதா. என் சித்தப்பாவும் இதையேதான் கேட்டார். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கை என் அண்ணனோடு சேர்ந்து கூண்டில் போட்டிருக்கிறார். "ஏன்டா, பேசாம கூண்ட வித்துட்டு கரைக்கு வந்துரலாமா? வர்ற ஏப்ரல நெனச்சாலே பயமா இருக்கு" என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அதே நிலையில் நம் ஆட்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், அதில் போகிற பணம் பெரும்பாலும் ஒரே ஒரு தடவை கைக்கு வருகிற பணம்.

முதலில் சூடு மீனை எப்படிக் கொல்கிறது என்று பார்த்துவிடுவோம், அது தெரியாமல் எதை ஒப்பிட்டாலும் பிரயோஜனம் இல்லை. பூமியில் கூடுதலாகச் சேர்கிற வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. 2024 ஏப்ரலில் உலகம் முழுக்கப் பவளப் பாறைகள் வெளுப்பது நான்காவது முறையாக நடக்கிறது என்று அமெரிக்கக் கடலாய்வு நிறுவனமான நோவா அறிவித்தது, நம் மலேசியாவில் 2010-ல் வெளுப்பு வந்தபோது முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை அரசாங்கமே மூடி வைத்தது. நியூசிலாந்தின் மார்ல்பரோ சவுண்ட்ஸ் பகுதியில் வெப்பத்தில் சாமன் மீன்கள் செத்ததால் 2022-ல் சில பண்ணை இடங்களைக் காலியாக விட முடிவு செய்தார்கள். ஆனால் சாமனுக்கு 18 டிகிரியைத் தாண்டினாலே பிரச்சினை. நம் சியாக்காப், தமிழ்நாட்டில் கொடுவா என்பார்களே அது, 30 டிகிரித் தண்ணீரில் சந்தோஷமாகத் தின்று வளர்கிற மீன். மலாக்கா நீரிணையின் சூடு மட்டும் அதை நேரடியாகக் கொல்வது அபூர்வம். கொல்வது ஆக்சிஜன் பற்றாக்குறை.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 28 டிகிரியில் இருக்கிற கடல் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.6 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், அதே தண்ணீர் 32 டிகிரிக்குப் போனால் 6.2 பிடிக்கும். பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் அந்த 4 டிகிரியில் மீனின் உடம்பு கேட்கிற ஆக்சிஜன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது, கூண்டுக்கு அடியில் சேற்றில் கிடக்கிற மிச்சத் தீவனத்தையும் கழிவையும் தின்கிற பாக்டீரியாவும் அதே வேகத்தில் ஆக்சிஜனை இழுக்கிறது, வலையில் பாசியும் சிப்பியும் சீக்கிரம் பிடித்துத் தண்ணீர் ஓட்டத்தை அடைக்கிறது. வரவு கொஞ்சம்தான் குறைகிறது, செலவு எல்லாப் பக்கமும் ஏறுகிறது. இதோடு அட்டமி நவமியை ஒட்டி நீரோட்டம் மந்தமாகிற நாட்கள் சேர்ந்துகொண்டால், மலாய்க்காரர்கள் ஆயர் மாத்தி என்று சொல்கிற அந்த நாட்கள், விடியற்காலையில் என்ன நடக்கும் என்று கூண்டு வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இருட்டு விலகுகிற நேரம் மிதவையில் ஏறினால் முதலில் சத்தம்தான் கேட்கும், சின்னச் சின்னதாக உறிஞ்சுகிற சத்தம், விளக்கை அடித்துப் பார்த்தால் மீன் எல்லாம் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு கூண்டின் ஒரு பக்கமாக, எந்தப் பக்கம் கொஞ்சமாவது தண்ணீர் அசைகிறதோ அந்தப் பக்கமாக ஒதுங்கி நிற்கும், விளக்கைக் கண்டு ஓடக்கூட ஓடாது. கையில் இருக்கிற ஆக்சிஜன் மீட்டரை இறக்கினால் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் காட்டும். சூரியன் ஏறி நீரோட்டம் திரும்பினால் பிழைக்கும். திரும்பத் தாமதமானால் முதலில் பெரிய மீன்தான் புரளும், அதாவது அடுத்த வாரம் விற்க வைத்திருந்தது.

பத்தடிக்குப் பத்தடி கூண்டு, வலையும் பத்தடி ஆழம் என்றால் உள்ளே ஏறத்தாழ 28 கன மீட்டர் தண்ணீர். சியாக்காப்பை வளர்ந்த பிறகு கன மீட்டருக்கு 10 முதல் 20 வரை வைக்கலாம் என்று உலக உணவு வேளாண் அமைப்பின் கையேடுகள் சொல்கின்றன, நடுவில் 15 என்று வைத்தால் கூண்டுக்கு ஏறத்தாழ 400 மீன், ஒவ்வொன்றும் 600 கிராம் ஆகும்போது 240 கிலோ. ஒரு கிலோ மீன் மணிக்கு 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுக்கும், தின்ற பிறகு அதற்கும் மேல். அப்படியானால் தண்ணீர் அசையாமல் நிற்கிற ஒரு மணி நேரத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் காலி. விடியற்காலையில் 4.5-ல் தொடங்குகிற கூண்டு ஒரு மணி நேரத்தில் ஆபத்துக்கு வந்துவிடும். அதே கூண்டில் பாதி மீன் இருந்தால் இரண்டு மணி நேரம் தாங்கும், பெரும்பாலும் அதற்குள் நீரோட்டம் திரும்பிவிடும். எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்கிற கேள்வி இதுதான்: அந்த இரண்டு மணி நேரத்தை இது எனக்கு வாங்கித் தருமா, என்ன விலைக்கு?

சரி, வழிகளுக்கு வருவோம்.

கரையில் குளம். சித்தப்பாவுக்கு இதில்தான் ஆசை, கண்முன்னே இருக்கும், அலை இல்லை, படகு வேண்டாம், வயசான காலத்தில் மிதவையில் ஏறி இறங்க வேண்டாம். இந்த ஆசையில் ஒரு ஓட்டை இருக்கிறது. குளம் கடலைவிடச் சூடாகும். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் நிற்கிற தண்ணீர் மத்தியான வெயிலில் 34, 35 வரை போகும், கடல் அப்படிப் போகாது. பகலில் பாசி ஆக்சிஜனைக் கொட்டும், ராத்திரி அதே பாசி திரும்பி எடுத்துக்கொள்ளும், ஆகவே விடியற்காலைப் பிரச்சினை குளத்தில் வருஷம் முழுக்க உண்டு. இதற்கு மேல் நம் மேற்குக் கரையோர மண் பல இடங்களில் அமிலச் சல்பேட் மண், வெட்டிக் காற்றுப் பட்டுவிட்டால் அடுத்த மழையில் வரப்பிலிருந்து புளித்த தண்ணீர் இறங்கும், சுண்ணாம்பு போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிடும். செம்பனைக்கு வாய்க்கால் வெட்டிய தோட்டத்து ஆட்களுக்கு அந்தத் துருப்பிடித்த நிறத் தண்ணீர் பழக்கமானதுதான். ஆனால் குளத்தில் ஒரு பெரிய நல்லது இருக்கிறது, தண்ணீரை அடிக்கிற துடுப்புச் சக்கரம் போட்டுக் காற்றேற்றலாம், தண்ணீர் மாற்றலாம், எல்லாம் உன் கையில். சக்கரம் ஓடுகிறவரை அந்த இரண்டு மணி நேரம் உன்னுடையது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக எழ வேண்டும், அதற்குத் தனியாக ஒருவர் பக்கத்திலேயே படுத்திருக்க வேண்டும். ஏற்கெனவே வெட்டிக் கைவிட்ட இறால் குளம் மலிவாக வாடகைக்குக் கிடைத்தால் யோசிக்கலாம், புதிதாக நிலம் வாங்கி வெட்டுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். சதுப்புக் காட்டை வெட்டிக் குளம் எடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், மீன் குஞ்சு பொரிக்கிற இடத்தை அழித்துவிட்டு மீன் வளர்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது.

சுழற்சித் தொட்டிப் பண்ணை, ஆர்.ஏ.எஸ் என்று விளம்பரம் வருகிறதே, அதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தண்ணீரை வடிகட்டி, அம்மோனியாவைப் பாக்டீரியாவால் மாற்றி, ஆக்சிஜன் ஏற்றித் திரும்பத் திரும்ப ஓட்டுகிற முறை. கடல் எவ்வளவு சூடானாலும் இதற்குக் கவலை இல்லை, அது உண்மை. ஒரு கிலோ மீனுக்குப் பல யூனிட் கரண்ட் ஆகும், முதல் போடுகிற பணமும் பெரிது, மீனை நெருக்கி வைத்தால்தான் கட்டுப்படியாகும், நெருக்கி வைத்தால் பம்பு நின்ற சில நிமிடங்களில் மொத்தமும் போய்விடும். கம்பெனிகள் செய்யலாம், குஞ்சுப் பண்ணைகள் செய்யலாம். ஓய்வுப் பணத்தைக் கொண்டுபோய் இதில் போடாதீர்கள்.

ஆழ்கடல் பக்கம் பெரிய வட்டக் கூண்டு போட்டுவிடலாம், சூடு வந்தால் கீழே இறக்கிவிடலாம் என்று ஒரு தம்பி ரொம்ப ஆர்வமாகச் சொன்னார். கடல் ஆழமாக இருந்து மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாகப் பிரிந்து கிடக்கிற இடத்தில் அது நல்ல யோசனைதான். பினாங்குத் தீவுக்கும் செபராங் பிறைக்கும் நடுவில் இருக்கிற தண்ணீர் ஆழம் குறைவு, கலங்கிக் கலந்து கிடப்பது, கூண்டை இறக்கினால் சேற்றுக்குப் பக்கத்தில்தான் போகும், அங்கே ஆக்சிஜன் இன்னும் குறைவு. வெளிக்கடலுக்குப் போக வேண்டுமானால் பெரிய படகு, நங்கூரம், காவல், தென்மேற்குக் காற்றைத் தாங்குகிற கூண்டுச் சட்டகம் எல்லாம் வேண்டும். குடும்பத் தொழிலின் அளவு அது கிடையாது.

நன்னீர் மீன். இதைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டும், ஏனென்றால் கூண்டு இல்லாத, கடல் பக்கமே போகாத தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதுதான் கைக்கு எட்டுகிறது. திலாப்பியா 27 முதல் 32 டிகிரி வரை நன்றாக வளரும், ஆக்சிஜன் குறைந்தாலும் சியாக்காப்பைவிடத் தாங்கும். பிலிப்பைன்சில் 1988-ல் தேர்ந்தெடுத்து வளர்க்கத் தொடங்கிய கிஃப்ட் வகை நம் பக்கத்திலேயே, கெடா ஜித்ராவில், தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தப்பட்டது. அந்த வேலையைச் செய்த வேர்ல்ட்ஃபிஷ் நிறுவனத்தின் தலைமையகம் பினாங்கில்தான் இருக்கிறது. கெலி, அதாவது கெளுத்தி, இன்னும் ஒரு படி மேலே, காற்றையே நேரடியாகச் சுவாசிக்கிற உறுப்பு அதற்கு உண்டு, ஆக்சிஜன் பயமே வேண்டாம். அப்படியானால் ஏன் எல்லாரும் இதையே செய்யவில்லை என்றால், விலை. கெலி விலை எவ்வளவு என்று பாசாரில் ஒரு நடை கேட்டுப் பாருங்கள், தீவனச் செலவைக் கழித்தால் கையில் நிற்பது கொஞ்சம். திலாப்பியாவுக்கு நோய் இருக்கிறது, வெயில் ஏறும்போது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்து கண் பிதுங்கிச் சுற்றிச் சுற்றி நீந்திச் சாகும், ஏரி வைரஸ் என்று சொல்கிற திலாப்பியா வைரஸ் 2017-ல் மலேசியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. வீட்டுச் சாப்பாட்டுக்கும் தாமானில் நாலு வீட்டுக்கு விற்கவும் தொட்டி மீன் அருமை. கூண்டை விற்றுவிட்டு அதற்கு ஈடாக இதைச் செய்தால் வருமானம் இறங்கும், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

இப்போது கூண்டிலேயே இருப்பது. "அப்படியே இருப்பது" என்று ஒரு வழி இல்லை, அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னே வைத்த அதே எண்ணிக்கை, அதே மீன், அதே இக்கான் பாஜா (விலைபோகாத சின்ன மீன்) தீவனம் என்று இனி ஓட்ட முடியாது. மாற்றிக்கொண்டு இருக்கலாம். மாற்றுவது மூன்று இடத்தில்.

எந்த மீன் என்பது ஒன்று. கெராப்பு என்கிற களவா மீனுக்கு விலை உண்டு, புலிக் கெராப்புப் பெண்ணையும் கெர்த்தாங் என்கிற ராட்சதக் கெராப்பு ஆணையும் சேர்த்து மலேசிய சபா பல்கலைக்கழகத்தில் 2006-ல் உண்டாக்கிய கலப்பு வகை சீக்கிரம் வளர்கிறது என்பதால் பலர் அதற்கு மாறினார்கள். ஆனால் கெராப்பு ஆற்று வாய்க்கு ஏற்ற மீன் இல்லை, கிரியான் ஆற்றில் பெரிய மழைத் தண்ணீர் இறங்கி உப்பு சட்டென்று குறைந்தால் சியாக்காப் கவலைப்படாது, கெராப்பு படுத்துவிடும், சூட்டில் வைரஸ் நோய்க்கும் சுலபமாக மாட்டும். மழையும் வெயிலும் முன்னைவிடத் தாறுமாறாக வருகிற காலத்தில் இரண்டையும் தாங்குகிற மீன்தான் நமக்கு வேண்டும், ஆகவே என் ஓட்டு சியாக்காப்புக்கு. ஜெனஹாக் நடுவில் நிற்கிறது. தாங்கும், விலையும் நல்ல விலை, வாழையிலைக் கடைக்காரர்கள் மீன் தலைக்கறிக்குத் தேடி வாங்குவார்கள், ஆனால் மெதுவாக வளரும், ஒரு வருஷத்துக்கு மேல் கூண்டில் கிடக்க வேண்டும், அதாவது எப்படியும் ஒரு ஏப்ரலைத் தாண்டியாக வேண்டும். கூண்டில் கொஞ்சம் இருக்கட்டும், மொத்தமும் அதுவாக வேண்டாம்.

எவ்வளவு மீன் என்பது அடுத்தது, அதை மேலே கணக்குப் போட்டே காட்டிவிட்டேன். எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னால் அண்ணன்மார்கள் முகம் சுளிக்கிறார்கள், நஷ்டம் போலத் தெரிகிறது. ஆனால் நெரிசல் இல்லாத கூண்டில் மீன் சீராக வளர்கிறது, தீவனம் வீணாவது குறைகிறது, ஒரு கெட்ட விடியற்காலையில் மொத்தமும் போவதற்குப் பதில் பெரும்பாலானது நிற்கிறது.

அப்புறம் தீவனமும் காற்றும். இக்கான் பாஜா பார்க்க மலிவு, ஆனால் ஒரு கிலோ மீன் வளர ஐந்தாறு கிலோவுக்குக் குறையாமல் கொட்ட வேண்டியிருக்கும், நல்ல பெல்லெட், அதாவது ஆலையில் செய்த குருணைத் தீவனம் என்றால் ஒன்றரை, இரண்டு கிலோ. மிச்சம் எல்லாம் கூண்டுக்கு அடியில் அழுகி ஆக்சிஜனைத் தின்கிறது. பெல்லெட்டுக்கு மாறுவது மாசம் முழுக்கப் பார்த்தால் நமக்கே லாபம், கடலுக்கும் நல்லது. விடியற்காலையில் தீவனம் போடவே கூடாது, தின்ற மீன் பல மணி நேரத்துக்குக் கூடுதலாக மூச்சு வாங்கும். வெயில் ஏறி, மீட்டர் 5-ஐத் தாண்டிய பிறகு போடுங்கள். நீரோட்டம் செத்துக் கிடக்கிற நாட்களில் பாதியாகக் குறையுங்கள், ரொம்ப மோசமான நாளில் போடவே வேண்டாம், சியாக்காப் ஒருநாள் பட்டினியில் சாகாது. காற்றுக் குழாயைப் பொறுத்தவரை, ஓடுகிற கடலில் குமிழ் விட்டால் அடித்துக்கொண்டு போய்விடுமே என்று பலர் கேட்கிறார்கள். ஓடுகிறபோது அது தேவையே இல்லை. தண்ணீர் நிற்கிறபோதுதான் தேவை, அப்போது குமிழ் கூண்டுக்குள்ளேயே நிற்கும். ஒரு சின்ன புளோவர், துளைக் குழாய், ஒரு டீசல் ஜெனரேட்டர், மாசத்தில் சில விடியற்காலைகளுக்கு மட்டும். நான் பார்த்த எல்லாச் செலவிலும் வெள்ளிக்கு அதிக உயிர் காப்பாற்றுவது இதுதான்.

இந்த மூன்றையும் செய்தாலும் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. நுண்பாசி. 2014 பிப்ரவரியில் ஜொகூர் நீரிணையின் மேற்குப் பக்கம் கார்லோடினியம் என்ற நுண்பாசி பெருகிக் கூண்டு மீன்களை டன் கணக்கில் கொன்றது. சூடும், ஆற்றோடு வருகிற உரமும் கழிவும் சேர்ந்தால் இப்படிப்பட்டவை பெருக வசதி. அதற்கு முன்னால் காற்றுக் குழாயும் கைகொடுக்காது, கூண்டை இழுத்துக்கொண்டு ஓடவும் முடியாது. கடலில் இருக்கிறவரை இந்த ஆபத்து இருக்கும், குறைக்க ஒரே வழி மீன் கடலில் இருக்கிற நாட்களைக் குறைப்பது.

அங்கேதான் நான் உண்மையில் சொல்ல வந்த வழி இருக்கிறது. குஞ்சைக் கரையில் வளர்த்து, கடைசி மாதங்களுக்கு மட்டும் கடலில் விடுவது.

சியாக்காப்புக்கு உப்பு கட்டாயம் இல்லை. கடல் தண்ணீரிலும் வளரும், ஆற்று வாயிலும் வளரும், நன்னீரிலும் வளரும். ஆகவே கடலே தெரியாத தாமானில், பைராம் பக்கமோ டிரான்ஸ்கிரியான் பக்கமோ, வீட்டுக்குப் பின்னால் கன்வஸ் தொட்டி போட்டு, மேலே கறுப்பு நிழல்வலை கட்டி, குளோரின் போக்கிய குழாய்த் தண்ணீரில் குஞ்சை விரலளவிலிருந்து நூறு கிராம் வரை வளர்க்கலாம், இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும். கடலுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் தண்ணீர் கலந்து பழக்க வேண்டும், சில நாள் வேலை. நேரடியாகக் கூண்டில் சின்னக் குஞ்சை விடுகிறவர்களுக்கு ஏற்படுகிற பெரிய இழப்பு ஒன்று இதில் தடுக்கப்படுகிறது: சியாக்காப் தன் தம்பியைத் தின்னும். தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிற குஞ்சை முழுங்கிவிடும், வால் வெளியே தொங்கத் தொங்க நீந்திக்கொண்டிருக்கும், சில சமயம் இரண்டுமே சாகும். வாரத்துக்கு ஒரு தடவை அளவு பிரித்தால் இது குறையும். கூண்டில் வலையைத் தூக்கிப் பிரிப்பது பெரும்பாடு, தொட்டியில் பிளாஸ்டிக் கூடையை வைத்துச் சித்தி, அத்தை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை என்று யாரும் செய்யலாம்.

காலக்கணக்கும் பொருந்துகிறது. நம் கடல் சூடு ஏறுவது ஏப்ரல், மே. அந்த மாதங்களில் குஞ்சு நிழலில், கரையில், உன் கண்முன்னே இருக்கட்டும். ஜூன் கடைசி, ஜூலையில் கூண்டுக்கு மாற்றினால் நூறு கிராமிலிருந்து அறுநூறு எழுநூறு கிராமுக்கு வருஷக் கடைசிக்குள் வந்துவிடும், தீபாவளிக்குக் கொஞ்சம் பிடிக்கலாம், மொத்தத்தையும் சீனப் புத்தாண்டுச் சந்தைக்கு விற்கலாம், அப்போதுதான் மீனுக்கு நல்ல விலை. பிப்ரவரிக்குப் பிறகு கூண்டைக் காலி செய்து, வலையைக் கரையேற்றிக் காய வைத்து, அடிமண்ணுக்கும் இரண்டு மூன்று மாதம் ஓய்வு கொடுத்துவிட்டால் அடுத்த சுற்றுக்குக் கழிவும் குறைவு. சூடான மாதத்தில் கூண்டில் பெரிய மீன் இல்லை என்றால் அந்த விடியற்காலைப் பயமே பாதி போய்விடுகிறது.

இதில் குறை இல்லையா என்றால் இருக்கிறது. வருஷம் முழுக்க மாறி மாறி விற்றுக்கொண்டிருந்தவர்களுக்குக் கையில் பணம் வருகிற மாதங்கள் சுருங்கும். மொத்தப் பேரும் புத்தாண்டுக்கே விற்க வந்தால் மீனை மொத்தமாக வாங்குகிற தவுக்கே விலையைக் குறைப்பார், ஆகவே ஒரு பகுதியைத் தீபாவளிக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் பிரித்துப் பிடிக்க வேண்டும். தொட்டியில் கரண்ட் போனால் கடலைவிட வேகமாகச் சாகும், பேட்டரியில் ஓடுகிற சின்ன புளோவர் ஒன்று கட்டாயம். சூடான தண்ணீரில் அம்மோனியாவின் விஷமும் கூடும், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றாமல் சோம்பல் பட்டால் ஒரே ராத்திரியில் தொட்டி மீன் மொத்தமும் செத்துவிடும். ஆனால் தொட்டியில் இருப்பது சின்ன மீன், போனால் போகிற பணமும் சின்னது. கூண்டில் 240 கிலோவை இழப்பதும் தொட்டியில் சில கிலோ குஞ்சை இழப்பதும் ஒன்றில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. கூண்டுக்கு இடமும் அனுமதியும் வைத்திருக்கிற நம் ஆட்கள் கொஞ்சம் பேர்தான், இன்றைக்குக் கைவிட்டால் நாளைக்குத் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கடலில் இறங்க வழியில்லாத குடும்பங்கள் நிறைய. குஞ்சைத் தோட்டத்துப் பக்கம் வளர்த்து, கூண்டுக்காரர்களுக்கு எண்ணி விற்றால் இரண்டு பக்கமும் பிழைக்கலாம், தனித்தனியாக ஆளுக்கு ஒரு பக்கம் கடன் வாங்கித் தடுமாற வேண்டியதில்லை. இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன், தெக்குன் என்கிற அரசுக் கடன் நிறுவனம் வழியாக இருக்கிறது, ஒரு செட்டுத் தொட்டிக்குச் சின்னக் கடனே போதும். மீன்வளத் துறையிடம் பதிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள், குஞ்சை எங்கே வாங்கினீர்கள் என்ற சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நோய் வந்தால் எங்கிருந்து வந்தது என்று தேட அதுதான் வழி.

ஆகவே, கூண்டு இல்லாதவர்களுக்கு: புதிதாகக் கூண்டு வாங்காதீர்கள், குளமும் வெட்டாதீர்கள், குஞ்சுத் தொட்டியில் தொடங்குங்கள், அது பிடிபடாவிட்டால் அதே தொட்டியில் திலாப்பியா விட்டுக்கொள்ளலாம், பணம் முழுக வாய்ப்பு குறைவு. கூண்டு இருப்பவர்களுக்கு: விற்காதீர்கள், குறையுங்கள். இரண்டு பக்கமும் முதலில் வாங்க வேண்டியது ஆக்சிஜன் மீட்டர். சில நூறு வெள்ளியிலிருந்து பல ஆயிரம் வரை இருக்கிறது, நாலு மிதவைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும், ஆனால் விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கு இறக்கிப் பார்க்க வேண்டும், பத்து மணிக்குப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பலன் இல்லை. அட்டமி நாள் விடியற்காலையில் உங்கள் இடத்தில் 4-க்குக் கீழே போகிறதா என்று தெரிந்தால் எத்தனை மீன் வைக்கலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சித்தப்பா குளம் யோசனையை விட்டுவிட்டார், பின்கட்டில் தொட்டிக்கு இடம் அளந்துகொண்டிருக்கிறார், தண்ணீர் மாற்றுவது சித்தி பொறுப்பு என்று சித்தியைக் கேட்காமலே முடிவு செய்திருப்பதுதான் இன்னும் பேசித் தீர வேண்டியது. அண்ணன் மார்ச்சுக்குள் சியாக்காப் கூண்டுகளைக் காலி செய்யச் சம்மதித்திருக்கிறார். மற்றவற்றில் ஜெனஹாக் இருக்கிறது, இன்னும் தலைக்கறி அளவுக்கு வரவில்லை, அவற்றை இப்போது விற்றால் நஷ்டம். அதனால் அந்தக் கூண்டுகளின் மீனை மட்டும் இரண்டிரண்டு கூண்டாகப் பிரித்துவிட்டு, ஏப்ரலுக்கு முன்னால் காற்றுக் குழாய் இறக்குகிறோம்.